ஹட்டன் கூடைப்பந்து நடுவர் பயிற்சி: லேன் மீறல் அமர்வு பற்றிய மதிப்பீடு

ஹட்டனில் வார இறுதியில் நடைபெறும் கூடைப்பந்து நடுவர் பயிற்சியில், பிரீ த்ரோவின்போது (தடுப்பாரின்றிக் கூடைக்குள் பந்தை எறியும் தண்டனை எறிதல்) நிகழும் லேன் மீறல்களுக்கென (கூடைக்கு முன்னுள்ள கோடிட்ட பகுதிக்குள் உரிய நேரத்துக்கு முந்தி நுழைவது போன்றவை) ஒதுக்கப்பட்ட அமர்வைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். மலையகப் பாடசாலைகளில் விசில் பிடிக்க முன்வரும் இளம் ஆசிரியர்களுக்கு இவ்வளவு நுணுக்கமான பாடம் தமிழில் கிடைப்பது அரிது என்பதால், அதன் நிறையையும் குறையையும் விரிவாகச் சொல்வது அவசியமாகிறது.

அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டங்களின் காணொளிகளே பாடத்தின் அடிப்படை. அங்கு லேன் ஓரத்து இடங்களில் தடுக்கும் அணியினர் நால்வரும் எறிபவரின் அணியினர் இருவருமாக அதிகபட்சம் ஆறு பேர் நிற்கலாம். பந்து எறிபவரின் கையை விட்டதும் இவர்கள் உள்ளே நுழையலாம். எறிபவரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களும் பந்து வளையத்தையோ பலகையையோ தொடும்வரை காத்திருக்க வேண்டும். இந்த இரண்டு கணங்களையும் ஒரே நடுவரால் பார்க்க முடியாது என்பதை மைதானத்தில் நிற்கவைத்தே புரியவைத்தார்கள். மூன்று நடுவர்களில் கூடையின் அடியில் நிற்பவர் தமக்கு எதிரே உள்ள வரிசையையும், பக்கவாட்டில் நிற்பவர் எறிபவரையும் மறு வரிசையையும் கவனிக்க வேண்டும். பந்தின் பின்னால் ஓடும் கண்ணைக் கால்களின் மீது நிறுத்தும் இந்தப் பயிற்சிக்காகவே வகுப்பை மனமாரப் பாராட்டுவேன். மழையில் கோடுகள் கரைந்துபோகும் நம் சீமெந்துத் தளங்களில், ஆட்டத்துக்கு முன்பே லேன் அடையாளங்களைச் சுண்ணாம்பால் தெளிவாக்கச் சொன்னதும் நல்ல அறிவுரை.

தடுக்கும் அணி மீறினால் உடனே விசில் ஊதாமல், கையை நீட்டி மூடிய கைமுஷ்டியைக் காட்டிக் காத்திருந்து, எறிதல் தவறினால் மட்டும் மறு எறிதல் கொடுப்பதும் தெளிவாக விளக்கப்பட்டது.

குறை அதற்கு அடுத்த பகுதியில் இருக்கிறது. அங்கே உதாரணமாகக் காட்டப்பட்டது இது: 2012 மார்ச்சில் நடந்த என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) போட்டியில் சேவியருக்கு எதிராக 65-63 எனப் பின்தங்கியிருந்த நோட்டர் டேம் அணியின் எரிக் அட்கின்ஸ், 2.8 வினாடிகள் மீதமிருக்கையில் பிரீ த்ரோவைக் கூடையில் போட்டார். ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பின்னால் நின்ற அதே அணியின் ஜெரியன் கிராண்ட் முந்தி நுழைந்ததால் அந்தப் புள்ளி செல்லாமல் போனது. எறிபவரின் அணியினர் மீறினால் புள்ளி இல்லை என்ற கல்லூரி விதியை விளக்க இது சிறந்த உதாரணமே. ஆயினும் நம் பாடசாலை ஆட்டங்களுக்கு உரியவை சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிகள். அவற்றின்படி எறிபவரைத் தவிர வேறு எவர் மீறியிருந்தாலும், கூடைக்குள் விழுந்த புள்ளி செல்லும். லேன் ஓரத்து இடங்களிலும் ஐவருக்கே அனுமதி. எறிபவருக்குக் கிடைப்பது கல்லூரி ஆட்டத்தின் 10 வினாடிகள் அல்ல, 5 வினாடிகளே. இந்த வேறுபாடுகளை வகுப்பு தொடாமலே கடந்தது பாரதூரமானது. ஏனெனில் இங்கே கற்றதை அப்படியே கொண்டுசெல்லும் நடுவர், ஒரு பிள்ளை நியாயமாகப் பெற்ற புள்ளியைப் பறித்துவிடுவார்.

கண்காணிக்கும் முறையைக் கற்க இந்த அமர்வுக்குத் தயங்காமல் செல்லலாம். தீர்ப்பு வழங்கும் பகுதி வரும்போது மட்டும் சம்மேளன விதிநூலின் 43ஆம் பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காணொளிக்கும் “நம் விதியில் இதற்கு என்ன தீர்ப்பு?” என்று பயிற்றுநரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.