இயேசுவே இல்லையா, இருந்தவர் மேல் கதை ஏறியதா?

கிறிஸ்தவத்தின் தொடக்கத்தைச் சந்தேகிப்பவர்கள் எல்லாரும் ஒரே கட்சி இல்லை. இயேசு என்றொரு மனிதரே இருந்ததில்லை என்பது ஒரு தரப்பு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் புரூனோ பவர் இதற்கு அடிபோட்டார். கலிலேயாவில் ஒரு யூதப் போதகர் இருந்தார், சிலுவையில் கொல்லப்பட்டார், அற்புதங்கள் பிறகு சேர்ந்தவை என்பது மற்றது. நாத்திக அறிஞர்கள் உட்பட ஆய்வுலகில் பெரும்பாலோர் இந்தப் பக்கம்தான்.

முதல் தரப்பின் பெரிய பலம் பவுல், தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகர். கிறிஸ்தவ எழுத்துகளில் மிகப் பழையவை அவருடைய கடிதங்கள். அவற்றில் பெத்லகேம் இல்லை, உவமைகள் இல்லை, இயேசு செய்த அற்புதம் ஒன்றுகூட இல்லை. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் சுமார் கி.பி. 93-இல் எழுதிய நூலில் இயேசுவைப் பற்றி "இவரே கிறிஸ்து" (அதாவது மேசியா) என்று ஒரு வரி வருகிறதே என்றால், கடைசிவரை யூதராகவே இருந்தவர் அப்படி எழுதுவாரா? ஜோசிபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று 3-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகனே சொல்கிறார். அந்த வரி பின்னால் யாரோ செருகியது. இதுவரை இரண்டு தரப்புக்கும் சண்டையில்லை.

சண்டை யாக்கோபிடம் வருகிறது. எருசலேமில் இயேசுவின் சீடர் பேதுருவோடு 15 நாள் தங்கியபோது "கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபை" பார்த்ததாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். உடன்பிறந்தவர் இருந்தால் இயேசுவும் இருந்தவர்தானே! சகோதரன் என்பது இங்கே விசுவாசிகளுக்கான பொதுப்பெயர் என்கிறது முதல் தரப்பு. சரி, அப்படியானால் அதே வாக்கியங்களில் பேதுருவுக்கு அந்தப் பெயர் ஏன் இல்லை? கொரிந்தியருக்கு எழுதும்போதும் "கர்த்தருடைய சகோதரர்" ஒரு பக்கம், பேதுரு இன்னொரு பக்கம். எனக்கு முதல் தரப்பின் விளக்கம் இங்கேதான் இழுத்துப் பிடித்ததாகத் தெரிகிறது.

அப்புறம் லூக்கா சுவிசேஷத்தில் வரும் குடிமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஏரோது அரசன் காலத்தை ஒட்டி, ரோம ஆளுநர் சிரேனியு எடுத்த குடிமதிப்புக்காக யோசேப்பும் மரியாளும் நாசரேத்திலிருந்து பெத்லகேம் போனார்கள், அங்கே இயேசு பிறந்தார் என்கிறது அது. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பொதுவான கணக்கு. சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6. இரண்டும் பொருந்தவில்லை. நாசரேத்துக் குடும்பத்தை, மேசியா பிறக்கவேண்டிய ஊராகக் கருதப்பட்ட பெத்லகேமுக்கு நகர்த்தத்தான் இவ்வளவு பாடு. ஆளையே கற்பனை செய்பவர் பெத்லகேம்காரராகவே படைத்துவிட்டுப் போகலாமே! நம்பிக்கையாளரைச் சங்கடப்படுத்தும் அதே பிழை, இயேசு இல்லவே இல்லை என்பவரையும் சேர்த்து இடிக்கிறது. 'நசரேயன்' என்ற பட்டத்திலிருந்துதான் நாசரேத் என்ற ஊர் கதைக்குள் வந்தது என்று பதில் சொல்வார்கள். கேட்கலாம், ஆனால் பிடிமானம் குறைவு.

இரண்டாவது தரப்புக்கும் ஓட்டை உண்டு. உரித்துப் பார்த்தால் மிஞ்சுவது யார்? ஒருவருக்குப் புரட்சிக்காரர், ஒருவருக்கு ஞானி, ஒருவருக்கு உலகமுடிவை அறிவித்த தீர்க்கதரிசி. யோவான் ஸ்நானகனிடம் பெற்ற ஞானஸ்நானம், ரோம ஆளுநர் பிலாத்து கொடுத்த சிலுவை: இவை தவிர அவர்கள் உறுதியாக ஒத்துப்போவது மிகக் கொஞ்சம்.