ஆமைப் படம் போட்டதெல்லாம் டார்டெக்ஸ் அல்ல: வேலூரில் கிட்டார் பிக் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வேலூர்க் கடை ஒன்றில் "ஒரிஜினல் டார்டெக்ஸ்" என்று சொல்லி 540 ரூபாய்க்கு விற்ற 12 மஞ்சள் பிக்குகளை, அதாவது கிட்டார் தந்தியை மீட்டும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளைப் பற்றியது இந்தப் பதிவு. வாங்கியவர் காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர். கடையின் பெயர் வேண்டாம். இந்தச் சரக்கு அந்த ஒரு கடையோடு நின்றிருக்கும் என்று நம்ப முடியவில்லை, அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பிக்கின் மேல் டார்டெக்ஸின் அடையாளமான ஆமைப் படம், கீழே கனத்தை (தடிமனை) மில்லிமீட்டரில் சொல்லும் .73 என்ற எண். பில் கேட்டதற்கு, "பிளாஸ்டிக் துண்டுக்கு எதுக்கு தம்பி பில்லு?" என்று பதில். அன்று மாலையே நுனி சப்பையாகி, கிட்டாரின் பலகை மேல் மஞ்சள் தூள் உதிர்ந்து கிடந்தது. மறுநாள் திருப்பிக் கொண்டுபோனால், "நீங்க ரொம்ப அழுத்தி வாசிக்கிறீங்க" என்று பழி வாசித்த கைமேல் விழுந்தது.

எந்தப் பிக்கும் தேயும், அது உண்மை. அக்கூஸ்டிக் கிட்டாரில் தடித்த தந்திகளின் மேல் வெண்கலக் கம்பி சுற்றியிருக்கும். அது அரம் மாதிரி நுனியை ராவிக்கொண்டே இருக்கும். ஆனால் நல்ல பிக் ஒரே மாலையில் தூளாகக் கொட்டாது.

டார்டெக்ஸ் என்பது அமெரிக்காவின் டன்லப் கம்பெனி 1981-இல் கொண்டுவந்த வகை. டெல்ரின் என்ற கெட்டியான, வழுக்கும் தன்மையுள்ள பிளாஸ்டிக்கில் செய்வது. பளபளப்பு இருக்காது, மாவு தடவியது போன்ற மங்கல் முகம். ஸ்டாண்டர்ட் வகையில் நிறத்துக்கு ஒரு கனம்: சிவப்பு .50, ஆரஞ்சு .60, மஞ்சள் .73, பச்சை .88, நீலம் 1.0, ஊதா 1.14 மில்லிமீட்டர். மஞ்சளில் .88 என்றோ பச்சையில் .73 என்றோ அச்சடித்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். முழுக் கறுப்பாக வரும் தனி வகைகளும் உண்டு, அவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

இந்த மாணவரின் பையில் நிறமும் எண்ணும் சரியாகவே இருந்தன. போலி செய்கிறவர்களுக்கும் அந்த அட்டவணை தெரியும் அல்லவா. மாட்டிக்கொண்டது கனத்தில்தான். கடையில் நிற்கும்போது கையில் கருவி எதுவும் இல்லையென்றால் ஏ.டி.எம். கார்டை எடுங்கள். அதன் கனம் 0.76 மில்லிமீட்டர். மஞ்சள் பிக்கைப் பக்கத்தில் வைத்து நகத்தால் ஓரத்தைத் தடவினால் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். படி தட்டுப்பட்டால் சந்தேகம். சரியாக அளக்க, பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் திருகு அளவியே போதும், 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். பன்னிரண்டையும் அளந்ததில் மெலிந்தது 0.58, தடித்தது 0.81. ஒரே பிக்கிலேயே இடது தோளுக்கும் வலது தோளுக்கும் (மேல் மூலைகள் இரண்டுக்கும்) 0.09 வித்தியாசம்.

இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா இத்தனை பேச்சு என்று கேட்கலாம். பிக்கின் விறைப்பு கனத்தின் முப்படிக்கு (கனம் × கனம் × கனம்) ஏற்ப மாறும். அதாவது ஒரே பிளாஸ்டிக்கில் .73 இருக்க வேண்டிய இடத்தில் .58 இருந்தால் விறைப்பு பாதிதான். தந்தியைத் தொட்டதும் மடங்கும், 'டிக்' என்ற சத்தம் முன்னால் வரும், நாதம் பின்னால் மெலிந்து வரும். அதே பையிலிருந்து அடுத்ததை எடுத்தால் அது .81: விறைப்பு இரண்டே முக்கால் மடங்கு. ஸ்ட்ரம்மிங் (தந்திகளை ஒருசேர வருடி வாசிப்பது) பழகுகிற பிள்ளைக்கு மணிக்கட்டு எந்த அழுத்தத்தில் நிலைகொள்ளும்? குறை தன் கையில் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சாதகம் செய்துகொண்டிருக்கும்.

அடுத்து, என்ன பிளாஸ்டிக் என்று பார்க்கும் வழி. அடுப்பங்கரைச் சாமான் போதும். அரை டம்ளர் தண்ணீரில், அதாவது 100 மில்லியில், 35 கிராம் தூள் உப்பு (குவியாமல் இரண்டு மேசைக்கரண்டி) போட்டு முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். பிக்கின் மேல் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தடவி, கரண்டியால் அடிவரை அமுக்கி விடுங்கள். சோப்பும் அமுக்குவதும் அவசியம். இல்லையென்றால் நீரின் மேல்பரப்பே நல்ல பிக்கையும் தாங்கிக்கொண்டு ஏமாற்றும். டெல்ரினின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.4 மடங்கு, கல் மாதிரி அடியில் கிடக்கும். பொம்மைகளுக்குப் பயன்படும் ஏ.பி.எஸ்., ஸ்டைரீன் வகைகள் வெறும் தண்ணீரில் மூழ்கும், இந்த உப்பு நீரில் மேலே வந்துவிடும். வெறும் தண்ணீரிலேயே மிதந்தால் அது டப்பா மூடி செய்கிற பாலிப்ரொப்பிலீன் மாதிரியான சரக்கு. மாணவரின் பன்னிரண்டும் உப்பு நீரில் மேலே வந்தன.

இதில் ஒரு எச்சரிக்கை. நல்ல நைலான் பிக்கும் இந்த உப்பு நீரில் மிதக்கும், அது போலி என்று அர்த்தமில்லை. பி.வி.சி.யும் மூழ்கும், அதனால் மூழ்கியதாலேயே அசல் ஆகிவிடாது. டார்டெக்ஸ் என்று விற்றது மிதந்தால் மட்டும் உறுதியாகச் சொல்லலாம், அது டார்டெக்ஸ் இல்லை.

இன்னும் சந்தேகம் என்றால் அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து ஒரு நிமிடம் பிக்கின் மேல் வையுங்கள். மேலே உள்ள அச்சு அழிந்தால் கவலை வேண்டாம், அசலிலும் அழியும். வியர்வையிலேயே தேய்ந்து போகிற மை அது. பிளாஸ்டிக்கே பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால்தான் வில்லங்கம். கொளுத்திப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். டெல்ரின் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு வரும், கண்ணும் மூக்கும் எரியும். பிக் செய்யும் இன்னொரு பிளாஸ்டிக்கான செல்லுலாய்டு என்றால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

செல்லுலாய்டு என்றதும் இன்னொரு ஏமாற்று வேலை. ஆமை ஓட்டு நிறத்தில், புள்ளியும் திட்டுமாக இருக்கும் பிக்கை "நிஜ ஆமை ஓடு சார், பழைய காலத்துச் சரக்கு" என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டைத் தருவது அழுங்காமை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. நிஜமென்றால் வழக்கு, பொய்யென்றால் பணம் போச்சு. பெரும்பாலும் பொய்தான். துணியில் வேகமாகத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோங்கள், கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். செல்லுலாய்டு நல்ல பொருள்தான், அதற்குரிய விலைக்கு வாங்கினால். வேலூர் வெயிலில் வண்டி டேங்க் பையில் போட்டு வைத்தால் மட்டும் நெளிந்துவிடும்.

ஓரத்தையும் பாருங்கள். டார்டெக்ஸும் செல்லுலாய்டும் தகட்டிலிருந்து வெட்டி, உருட்டி மழுக்கியவை. ஓரத்தைச் சுற்றி மெல்லிய வரம்போ, பிளாஸ்டிக் ஊற்றிய புள்ளியோ தெரிந்தால் அது அச்சில் வார்த்தது. அந்த வரம்புதான் சுற்றுக்கம்பித் தந்தியில் 'கீச்' என்று கத்துவது. நைலான் பிக்கை வார்த்துத்தான் செய்வார்கள், அதில் அச்சு அடையாளம் குற்றமில்லை.

பையோடு வாங்குவதே நல்லது. டார்டெக்ஸ் பன்னிரண்டாகவும் எழுபத்திரண்டாகவும் பையில் வரும். இறக்குமதி செய்த பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதி. "பாக்கெட் பிரிச்சாச்சு, லூஸ்தான் இருக்கு" என்றால் காலிப் பையையாவது காட்டச் சொல்லுங்கள். பில்லை வாங்கிக்கொண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பில் இல்லாததால் இந்த மாணவர் பேச்சு எடுபடவில்லை.

என்ன வாங்குவது என்று கேட்டால்: சர்ச்சிலோ கல்லூரியிலோ பாட்டுக்கு ஸ்ட்ரம் செய்ய .60 அல்லது .73. தனித்தனித் தந்தியாக மெட்டு வாசிக்க .88-க்கு மேல். கூர் நுனி தெளிவாகக் கொடுக்கும், உருண்டை நுனி கனிவாக. நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களில் விரல் வியர்த்து வழுக்குகிறவர்களுக்கு, பிடிக்கும் இடத்தில் மேடு எழுப்பிய நைலான் பிக் ஏற்றது. நைலான் ஈரம் குடித்துக் கொஞ்சம் தளரும், அதனால் வழக்கத்தைவிட ஒரு படி கனமாக எடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்து வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் குப்பையில் போட வேண்டாம். 0.70-க்கு மேல் இருப்பவற்றைப் பிரித்து, 400, 800, 2000 என்ற வரிசையில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, நுனியின் ஓரத்தை இரு பக்கமும் சமமாகத் தீட்டுங்கள். கடைசியில் ஆம்பூர்ப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும் தோல் வெட்டுத் துண்டின் சொரசொரப்பான பக்கத்தில் தேய்த்தால் கீச்சொலி அடங்கும். சீக்கிரம் தேயத்தான் செய்யும், ஆனால் பழகுவதற்கு ஆகும். அந்தப் பன்னிரண்டில் ஐந்து இப்படித் தேறின. 0.60-க்குக் கீழே உள்ளவற்றைத் தீட்டிப் பயனில்லை, யுகுலேலே என்ற குட்டிக் கிட்டாரின் நைலான் தந்திக்கு வைத்துக்கொள்ளலாம்.