கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா: வில்லுப்பாட்டைத் தாங்குமா?

கடையில் ஓடவிடும் டெமோ பாட்டை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள். நல்ல வில்லுப்பாட்டுப் பதிவு ஒன்றை பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். குடத்தின் அடிநாதம், உடுக்கை, பாடுபவர் குரல், வில் மணி, ஜால்ரா என்று கீழிருந்து மேல்வரை எல்லாம் அதில் கிடைக்கும்.

குரலில் கேஇஎஃப் நிறுவனத்தின் இந்தச் சிறிய ஸ்பீக்கர், எல்எஸ்50 மெட்டா, அசத்துகிறது. கீழ், நடு ஒலிகளைத் தரும் 5.25 அங்குலக் கோனின் நடுவிலேயே, மேல் ஒலிகளைத் தரும் 1 அங்குல ட்வீட்டர் இருப்பதால் குரலும் மணியும் ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன. சோபா ஓரத்தில் உட்கார்ந்தாலும் சமநிலை அவ்வளவாகக் கெடாது. ட்வீட்டரின் பின்புற ஒலியை ஒரு தட்டு உறிஞ்சிவிடுவதால் ஜால்ரா காதைக் குத்துவதில்லை.

குடத்தில்தான் சிக்கல். நிறுவனக் கணக்குப்படியே 79 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலிகளில் சத்தம் குறைந்துவிடும். அடி ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி கட்டாயம் வேண்டும். ஒலியை 80 ஹெர்ட்ஸில் பிரித்து, அதற்குக் கீழுள்ளதை சப்வூஃபருக்கு அனுப்பி, இந்தக் கோனுக்குப் போகாமல் தடுங்கள். உணர்திறன் 85 டெசிபல்தான், அதாவது சத்தம் வர ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) நிறைய சக்தி தர வேண்டும்; மின்மறுப்பும் 3.5 ஓம் வரை இறங்கும், அது குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும். 4 ஓம் சுமையைத் தாங்காத ஆம்ப் சத்தம் கூட்டினால் சூடேறி அணைந்துபோகும்.

பாளையங்கோட்டைப் பக்கத்து கான்கிரீட் வீடுகளில் இன்னொரு தொல்லை: 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் வாக்கில் பாஸ், அதாவது அடி ஒலி, வீங்கும். சப்வூஃபரை மூலையில் தள்ளாதீர்கள். டைல்ஸ் தரைக்குத் தடித்த ஜமுக்காளம் விரியுங்கள். பத்தமடைப் பாய் அழகுதான், ஆனால் இந்த வேலைக்கு மெல்லிசு.

கோயில் கொடை விழா அளவுக்குச் சத்தம் எதிர்பார்ப்பவர்கள் இதே நிறுவனத்தின் ஆர்3 மெட்டா ஸ்பீக்கரைக் கேட்டுப் பாருங்கள். அதில் பாஸுக்கென்றே தனியாக 6.5 அங்குலக் கோன் இருக்கிறது.