மாமியாரின் சொட்டு மருந்தும் குண்டுவின் இடது கண்ணும்

இந்தக் கால்நடை கிளினிக்குக்கு நாலு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். ஐந்தாவது ஏன் போச்சு என்று கீழே சொல்கிறேன், ஆனால் பக் நாய் வளர்ப்பவர்கள் அதற்கு முன்னால் என் கூத்தைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

எங்கள் குண்டுவுக்கு ஆறு வயது. ஒரு சனிக்கிழமை காலையில் இடது கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். கண் சிவந்திருந்தது, ஓரத்தில் மஞ்சளாகப் பூளை. மெட்ராஸ் ஐ மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து, மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்ததிலிருந்து ஃபிரிட்ஜ் கதவில் கிடந்த சொட்டு மருந்தை எடுத்து இரண்டு நாள் விட்டேன். சிவப்பு கொஞ்சம் அடங்கியது, எனக்கு ஒரே பெருமை. திங்கட்கிழமை பார்த்தால் கருவிழியில் மோர் தெளித்த மாதிரி ஒரு மங்கல், ஜன்னல் வெளிச்சம் பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு சோஃபாவுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான்.

அப்புறம்தான் இந்த கிளினிக். டாக்டரம்மா கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே "இதுவரைக்கும் என்ன விட்டீங்க?" என்றுதான் கேட்டார். பாட்டிலைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. லேபிளில் மாக்சிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்குப் பக்கத்தில் இருந்த டெக்சாமெத்தசோன் என்ற பெயரை நகத்தால் தொட்டுக் காட்டினார். ஸ்டீராய்டு. ஆபரேஷன் செய்த கண்ணில் வீக்கம் வற்றுவதற்காகக் கொடுப்பது. கருவிழியில் புண் இருக்கிற கண்ணில் அதை விட்டால் சிவப்பு குறையும், புண் ஆறாது, கிருமியும் சேர்ந்துகொண்டால் கருவிழி கரைந்து ஓட்டையே விழலாம் என்றார். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சோதனை செய்த விதத்துக்காகவே இந்த இடத்தைச் சொல்வேன். முதலில் கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிடம் வைத்தார், கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று பார்க்க. 15 மில்லிமீட்டருக்கு மேல் ஊறினால் கவலையில்லை, 10-க்குக் கீழே என்றால் கண் வறட்சி, பக் நாய்களுக்கு அது அடிக்கடி வருமாம். குண்டுவுக்கு 19 வந்தது. அப்புறம் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த இன்னொரு பட்டையை நனைத்துக் கண்ணில் தொட்டு, கழுவிவிட்டு, அறை விளக்கை அணைத்து நீல வெளிச்சம் அடித்தார். மூக்குப் பக்கமாகக் கருவிழியில் கடுகு அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. மேல் தோல் உரிந்த இடத்தில் மட்டும்தான் அந்தச் சாயம் பிடிக்குமாம். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். மூக்கு மடிப்பில் இருக்கிற மயிர் அதே இடத்தில் போய் உரசுவதையும் காட்டினார், ஆறு வருஷமாகக் கொஞ்சுகிற மூஞ்சி, எனக்கு அது தெரியவே இல்லை. நாய்க்குக் கண் சிவந்தால் கிருமி பெரும்பாலும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வதுதான், முன்னால் மயிரோ வறட்சியோ தூசியோ ஏதாவது இருக்கும் என்றார்.

கிருமியைக் கொல்ல டோப்ராமைசின் சொட்டு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி குறைய அட்ரோபின், இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. முன்னால் நின்று மருந்து ஊற்ற எந்த நாயும் விடாது, பின்னால் உட்கார்ந்து தாடையைத் தூக்கிப் பிடித்து, நெற்றிக்கு மேலிருந்து கையைக் கொண்டுவர வேண்டும் என்று செய்தே காட்டினார்கள். மூன்றாம் நாள் திரும்பக் கூப்பிட்டார்கள், புள்ளி பாதியாகியிருந்தது, எட்டாம் நாள் சாயம் பிடிக்கவே இல்லை.

சரி, ஐந்தாவது நட்சத்திரம். அட்ரோபின் கசப்பு, கண்ணிலிருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கினால் வாயில் நுரை தள்ளும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு நுரை தள்ளுவதைப் பார்த்து வீடே எழுந்து உட்கார்ந்தது. போன் செய்தால் எடுத்தார்கள், அது பெரிய விஷயம்தான், ஆனாலும் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். அப்புறம் நாய்க்கும் பூனைக்கும் ஒரே பெஞ்சு. எங்கள் பக்கத்தில் தும்மிக்கொண்டு இரண்டு கண்ணிலும் நீர் வடிகிற பூனைக்குட்டி ஒன்று, குண்டுவைப் பார்த்துப் பயந்து கூடைக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விட்டது. பூனைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார், மனிதர்களுக்கு ஒட்டாதாம்.

கண்ணைச் சொறியாமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பை இங்கேயே விற்கிறார்கள், 350 ரூபாய், ஆனால் பக் கழுத்துக்கு நடு அளவு தொளதொளவென்று இருக்கும், சின்னதையே கேட்டு வாங்குங்கள், மூக்கு நுனியைத் தாண்டி நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஃபீஸ் 500, இரண்டு சோதனைக்கும் சேர்த்து 600. ஜிபே உண்டு. முதல் மாடி, லிஃப்ட் கிடையாது, பதினோரு கிலோ குண்டுவைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை ஏறி இறங்கியதில் அவன் கண் சரியாகி என் இடுப்பு பிடித்துக்கொண்டது.