முன்பள்ளிச் செயல்நூல்கள்: தோட்டத்துப் பிள்ளைகளின் கையில் எது நிலைக்கிறது?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வெவ்வேறு விலைகளில் வாங்கிய செயல்நூல்களைப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் எழுதியும் கிழித்தும் முடிப்பதைப் பார்த்து வருகிறேன். ஜனவரி பிறந்ததும் பெற்றோர் எந்த நூல் வாங்கலாம் என்று கேட்பார்கள். அட்டையைப் பார்க்காதீர்கள், உள்ளே ஒரு படத்தைக் காட்டி, உங்கள் பிள்ளையின் வாயில் என்ன சொல் வருகிறது என்று கேளுங்கள் என்பேன்.

இந்தியாவில் அச்சான ஒரு நூலை நெடுநாள் பயன்படுத்தினோம். தாளும் நிறமும் அருமை. ஆனால் 'இ' பக்கத்தில் இலையைக் காட்டினால் பிள்ளைகள் ஒரே குரலில் 'கொழுந்து' என்பார்கள். அம்மா நாள்தோறும் மலையில் பறிப்பது அதைத்தானே! 'ஒ'வுக்கு ஒட்டகம். நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் மட்டக்குதிரையைப் பார்த்திருந்த சிறுமி ஒருத்தி, "முதுகு வீங்கின குதிரை, டீச்சர்" என்றாள். பார்த்ததை அழகாகச் சொன்னாள். ஆனால் 'ஒ' என்ற ஒலி அவள் காதில் விழவே இல்லை. ஒட்டகத்தைக் கதையில் தாராளமாகச் சொல்லிக் கொடுக்கலாம். எழுத்தை அறிமுகப்படுத்தும் படம் மட்டும் ஆடு, ஊசி, எலி, ஏணி போல, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலிலேயே பிள்ளை பெயர் சொல்லிப் பழகியதாக இருக்க வேண்டும்.

அடுத்தது எழுத்து வரிசை. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது 'அ' எழுதுவது நம் மரபு, அது இருக்கட்டும். ஆனால் சுழியும் வளைவும் நிறைந்த 'அ' சின்ன விரல்களுக்குக் கடினமான எழுத்து. பொதுவாக மூன்று வயதில் வட்டம் பார்த்து வரையும் பிள்ளைக்கு முக்கோணம் வர ஐந்து வயதாகிறது. எங்களிடம் நன்றாகப் பயன்பட்ட நூல், முதற்பகுதி முழுவதும் நிற்கும் கோடு, படுத்த கோடு, வளைவு, சுழி என்று கையைப் பழக்கிவிட்டு 'ட'வில் தொடங்கியது. மேலிருந்து கீழே வந்து வலப்பக்கம் இழுத்தால் 'ட'. அதையே மேலே ஏற்றினால் 'ப'. அந்தக் கை 'ம'வுக்குத் தானாகவே போகிறது. புள்ளிகளை இணைத்து எழுதும் பக்கங்களில், தொடங்கும் இடமும் அம்புக்குறியும் கட்டாயம் இருக்க வேண்டும். அவை இல்லாத நூலில் பிள்ளைகள் கீழிருந்து மேலே எழுதிப் பழகிவிடுகிறார்கள். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

தாள் விடயத்தில் எங்கள் மலைக்கென்று தனிக் கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவ மழை இறங்கிவிட்டால் அலுமாரிக்குள் வைத்த நூலும் ஈரம் குடித்துவிடும். மெல்லிய தாளில் அழிறப்பரை இரண்டு தடவை தேய்த்தால் ஓட்டைதான். பசையால் ஒட்டிய முதுகு, தவணை முடியுமுன் பக்கம் பக்கமாகக் கழன்றுவிடும். நடுவில் கம்பி தைத்த, விரித்தால் தட்டையாகக் கிடக்கும் ஒல்லியான நூலே நல்லது. பளபளக்கும் தாளில் மெழுகுக் கட்டி வழுக்குகிறது, நிறம் பிடிப்பதில்லை.

துடைத்துத் துடைத்து எழுதும் பிளாஸ்டிக் பூச்சு நூல்களும் வைத்திருந்தோம். தொடக்கத்தில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நாளடைவில் மை கறையாகப் படிந்தது. பென்சிலுக்குத் தேவையான அழுத்தமும் அந்த வழுக்குப் பரப்பில் பழகவில்லை. கோடு வரையப் போதும், எழுத்துக்கு வேண்டாம்.

ஒரே பக்கத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் உள்ள நூல்களைப் பெற்றோர் பெரிதும் விரும்புகிறார்கள். நான்கு வயதில் எழுதுவதற்கு ஓர் எழுத்து முறை போதும் என்பதே என் உறுதியான கருத்து. மற்ற இரண்டும் பாட்டாகவும் பேச்சாகவும் வரட்டும்.

"டீச்சர், பக்கத்து டிவிஷன் பிள்ளைகள் பெயர் எழுதுகிறார்களே, இவன் இன்னும் கோடு போடுகிறானே?" என்று ஒரு தந்தை கவலைப்பட்டார். அந்தப் பையன் பிடித்த பென்சிலை அவருக்குக் காட்டினேன். மூன்று விரலில், இறுக்கமில்லாமல், விரல் நுனி வெளுக்காமல் பிடித்திருந்தான். முதலாம் தரத்துக்குப் போகுமுன் எனக்கு வேண்டியது அதுதான்.

நாட்டில் கடதாசித் தட்டுப்பாடு வந்த 2022இல் செயல்நூல் வாங்கப் பல வீடுகளால் முடியவில்லை. சதுரக் கோட்டுக் கொப்பியில் நானே கோடுகளும் புள்ளிகளும் போட்டுக் கொடுத்தேன். படங்களுக்குப் பழைய நாட்காட்டிகளையும் தேயிலைப் பொதி உறைகளையும் வெட்டி ஒட்டினோம். இப்போதும் வசதியில்லாத வீட்டாருக்கு அதையே சொல்கிறேன்: ஒரு கொப்பி, ஒரு பென்சில், மாலையில் பிள்ளையோடு உட்கார ஒரு பெரியவர். செயல்நூலை அடுத்த சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம்.