சார்ஜ் சைக்கிள் லைற் சோடி: பின்லைற்றுக்காக வாங்கலாம்

திருகோணமலை சைக்கிள் கடைகளில், முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு என்று ஒரே பெட்டியில் வரும் யூ.எஸ்.பி. சார்ஜ் லைற் சோடி கிடைக்கிறது. பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும். உள்ளிருப்பது ஏறக்குறைய ஒரே சாமான்தான். பின்லைற்றுக்காக மட்டுமே வாங்கினாலும் காசு வீண் இல்லை. முன்லைற்றை நம்பி நிலாவெளி வீதியில் இரவில் வேகமாக மிதிக்க வேண்டாம்.

முன்லைற்றின் குறை, அதன் ஒளி வட்டமாகப் பரவுவது. கொஞ்சம் நிமிர்த்தினால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், குனித்தால் தூரம் தெரியாது. சாய்வைச் சரிபார்க்க, சைக்கிளைச் சுவருக்கு 4 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். ஒளியின் நடு, லைற் இருக்கும் உயரத்தில் சரிபாதியில் சுவரில் விழட்டும். அப்போது வீதியில் 8 மீற்றர் முன்னால் விழும். இனிக் கணக்கைப் பாருங்கள்: மணிக்கு 18 கிலோமீற்றர் என்றால் வினாடிக்கு 5 மீற்றர். கண்டு, பிறேக் பிடிக்க ஒரு வினாடி போனால் மிச்சம் 3 மீற்றர்தான். மழையில் நனைந்த இரும்பு றிம்மில் பிறேக் கட்டை வழுக்கும். அந்த 3 மீற்றருக்குள் சைக்கிள் நிற்காது. 12 கிலோமீற்றரில் போனால் நிறுத்த 4½ மீற்றருக்கு மேல் கிடைக்கும். திருகோணமலை நகரத்தில் திரியும் மான்களின் கண்ணாவது ஒளியில் மின்னும். முதுகைக் காட்டி நடுவீதியில் படுத்திருக்கும் கறுத்த கட்டாக்காலி மாடு கிட்டப் போகும்வரை தெரியாது.

பின்லைற்றைச் சீற் தண்டில் பூட்டும்படிதான் பெட்டியில் படம் போட்டிருக்கும். கரியர் வைத்த லுமாலா சைக்கிளுக்கு அது சரிவராது. ஒரு மீன்பெட்டி ஏறினாலே லைற் மறைந்துவிடும். கரியரின் கடைசிக் கம்பியில் தாங்கியை வைத்து, இரண்டு கேபிள் ரையால் இறுக்குங்கள். சார்ஜ் போட லைற்றை மட்டும் கழற்றலாம். கூடவரும் இறப்பர் பட்டியை நம்ப முடியாது, கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் வெடித்துவிடும். லைற்றின் முகம் நேர் பின்னோக்கி இருக்க வேண்டும். வானத்தைப் பார்த்தால் பின்னால் வரும் பஸ் சாரதிக்கு மங்கலாகத்தான் தெரியும்.

தெருவிளக்கு இல்லாத இடத்தில் மின்னும் முறை வேண்டாம். விட்டுவிட்டு எரியும் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கடினம். நிலையாக எரியவிடுங்கள். பகல் மழைக்கு மின்னட்டும். பெட்டியில் எழுதிய மணித்தியாலம் பெரும்பாலும் மின்னும் முறைக்கானது. நிலையாக எரித்தால் வெகுவாகக் குறையும்.

இந்தச் சோடி பழுதாவது முக்கியமாகச் சார்ஜ் வாயில்தான். அதை மூடும் இறப்பர் மூடி தளர்ந்தால் கடற்காற்றின் உப்பும் மாரி மழையும் உள்ளே போகும். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் செம்புத் தகடு பச்சை பிடித்து, பிறகு சார்ஜே ஏறாது. துடைத்து, முழுதாகக் காய்ந்த பின் போடுங்கள். மூடியின் விளிம்பில் சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகப் பூசலாம். கடையிலேயே மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலால் அழுத்தாமல் தானாக நிற்காத மூடி என்றால் வேறொன்று கேளுங்கள்.

லைற் பூட்டியதும் மட்காட்டின் சிவப்பு ரிஃப்ளெக்ரரைக் கழற்றிவிடாதீர்கள். பல லைற்றுகள் மங்கி எச்சரிக்காமல் சட்டென்று அணையும், ஓட்டுபவருக்கு அது தெரியாது. பெடலின் இரு ஓரத்திலும் ஒளிதெறிக்கும் ரேப் ஒட்டினால், மேலும் கீழும் ஆடுவதைக் கண்டே சைக்கிள் என்று சாரதி பிடித்துவிடுவார்.