பழியைச் சிறுவாணித் தண்ணி மேல் போடாதீங்க

ஜெர்மனியிலிருந்து கோவை வந்து இறங்கின கையோடு பையனுக்குக் காய்ச்சல், பேதி, வலது அடிவயிற்றில் வலி. "தண்ணி ஒத்துக்கலைங்க" என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவசரப் பிரிவில் உடனே பார்த்தார்கள். டியூட்டி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "அப்பெண்டிக்ஸ் மாதிரி இருக்குங்க, அட்மிஷன் போட்டுடலாம்" என்றார். குழந்தை மருத்துவரம்மா வந்துதான் முதலில் ஸ்கேன் என்று நிறுத்தினார். குடல்வாலில் ஒன்றுமில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்து, பக்கத்து நெறிக்கட்டிகள் வீங்கியிருந்தன.

"கிளம்பறதுக்கு முன்னாடி அங்க என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார் பாருங்கள், அந்தக் கேள்விக்கே ஃபீஸ் கொடுக்கலாம். கூடப் படிக்கும் பையனின் பிறந்தநாளில் மெட் வைத்த பன். பச்சைப் பன்றிக் கொத்துக்கறியை உப்பும் வெங்காயமும் போட்டு அப்படியே தின்பார்கள். "அப்ப யெர்சினியாவா இருக்கலாம்" என்றார். யெர்சினியா என்டரோகாலிடிகா என்ற பாக்டீரியாக் கிருமி பன்றியின் தொண்டையில் சும்மா குடியிருக்கும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரிக் குளிரிலும் பெருகும். உள்ளே போனால் பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் வேலையைக் காட்டும். கணக்குப் போட்டால் ஜெர்மனிக்குத்தான் போகிறது. இங்கே வரவே வராது என்றில்லை. தமிழ்நாட்டில் ஒரு விருந்தில் மோர் குடித்தவர்களுக்கு இதே கிருமி வந்ததை 1997இல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள்.

குறை சொல்ல வேண்டியது லேப்பைத்தான். மலத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சரில் சால்மொனெல்லா, ஷிகெல்லா என்ற கிருமிகளைத்தான் தேடுவார்கள். இதற்கு 25–30 டிகிரி சூடும் கிருமி வளரத் தனி ஊட்டப்பொருளும் வேண்டும். "அது எங்க லிஸ்ட்லயே இல்லைங்க சார்" என்று கவுன்ட்டர், பில்லிங், மறுபடி கவுன்ட்டர் என்று அலையவிட்டார்கள். கடைசியில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு வெளி லேபுக்கு அனுப்பி உறுதியானது. விலை கசந்தது, பயணக் காப்பீடு இல்லாமல் ஊருக்கு வராதீர்கள்.

பெயரைக் கூகுளில் தட்டிய தங்கச்சி "பிளேக்" என்று சத்தமாகப் படித்துவிட, அம்மா ஆடிப்போனார். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயிலுக்கு விளக்குப் போட்டு வளர்ந்தவர் அல்லவா. 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடித்த பிளேக் கிருமி இதற்குப் பங்காளிதான், ஆனால் இது வேறு ஜாதி என்று டாக்டரம்மா அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். ஜெர்மனியில் எங்கள் டாக்டர் பத்து நிமிடத்துக்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை.

ஆன்டிபயாடிக் எழுதவில்லை. நல்ல உடம்புக்காரப் பிள்ளைக்குத் தானே அடங்கும் என்று ஓஆர்எஸ், இளநீர், கஞ்சி மட்டும். அடிக்கடி ரத்தம் ஏற்றி உடம்பில் இரும்பு சேர்ந்த தலசீமியா (பரம்பரை ரத்தசோகை) பிள்ளைகள் மாதிரியானவர்களுக்கு இது ரத்தத்தில் பரவிப் பெரிய வம்பாகுமாம். பேதி நின்று சில வாரம் கழித்து முட்டி, கணுக்கால் வீங்கலாம்; அப்படி வந்தால் ஜெர்மனியில் எலும்பு டாக்டரிடம் ஓடாமல் முதலில் இந்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லி, டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.